எங்கே கூடுவது? மாநாட்டு இடத்தேர்வும் சுற்றுச்சூழலும்

ஒரு மாநாட்டையோ கருத்தரங்கையோ சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடத்த விரும்பும் அமைப்பாளர்கள், பெரும்பாலும் தண்ணீர் பாட்டில், பிளக்ஸ் பதாகை, பேராளர் பை என்று கண்ணில் படும் பொருள்களிலிருந்தே தொடங்குகின்றனர். அவற்றைக் குறைப்பது தேவையே என்றாலும், ஒரு கூட்டம் இயற்கையின் மீது ஏற்றும் சுமையில் பெரும்பங்கு, அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே, எந்த ஊரில், எந்த அரங்கில், எந்த மாதத்தில் கூடுவது என்று முடிவாகும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பேராளர்கள் ரயிலில் வருவார்களா விமானத்தில் வருவார்களா, தங்கும் விடுதியிலிருந்து அரங்குக்கு நடந்து செல்ல முடியுமா, குளிரூட்டும் இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடும், குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பன எல்லாம் அந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்து வருபவை. பிறகு எடுக்கப்படும் சிக்கன நடவடிக்கைகள் எஞ்சிய சிறு பங்கை மட்டுமே தொடுகின்றன.

ஒரு செயலால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்கள் அனைத்தையும், மீத்தேன் போன்ற பிற வாயுக்களையும் அவற்றின் வெப்பமேற்றும் திறனுக்கு ஏற்பக் கரியமில வாயுவுக்கு ஈடாக மாற்றிக்கொண்டு, ஒரே எடையாகக் கூட்டிச் சொல்வதற்குக் கரிமத் தடம் என்று பெயர். மாநாடுகளின் கரிமத் தடத்தை ஆராய்ந்தவற்றுள் பரவலாகப் பேசப்பட்ட ஒன்று, அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2019 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய ஆண்டுக் கூட்டத்தைப் பற்றியது. பருவநிலை மாற்றத்தை ஆராய்பவர்களே பெருமளவில் கூடும் அக்கூட்டத்துக்கு ஏறத்தாழ 28,000 பேர் வந்திருந்தனர். அவர்கள் வந்துபோன பயணத்தால் மட்டும் சுமார் 80,000 டன் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் ஏற்பட்டதாக, மிலன் குளோவர் முதலிய ஆய்வாளர்கள் 2020இல் 'நேச்சர்' இதழில் கணக்கிட்டுக் காட்டினர். தலைக்கு ஏறத்தாழ 3 டன் என்பது இதன் பொருள். ஓர் இந்தியர் ஓராண்டு முழுவதும் எரிபொருள் வழியாக வெளியிடும் கரியமில வாயுவின் சராசரி சுமார் 2 டன்தான் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், ஒரு வாரக் கூட்டத்தின் விலை புலப்படும். இத்தனைக்கும் அக்கூட்டம் நடந்த மாஸ்கோனி மையம், பசுமைக் கட்டடங்களுக்கான 'லீட்' தரவரிசையில் உயரிய பிளாட்டினம் சான்று பெற்ற கட்டடம். சுவர்களுக்குள் மிச்சப்படுத்திய மின்சாரத்தை வான்வழிகள் பல மடங்காக விழுங்கிவிட்டன.

அந்த ஆய்வில் இடத்தேர்வுக்கு நேரடியாகப் பயன்படும் செய்திகள் இரண்டு உள்ளன. கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்தவர்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே என்றாலும், பயண வெளியேற்றத்தில் முக்கால் பங்கு அவர்களுடையதாக இருந்தது. அதே கூட்டத்தை, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒதுங்கியிருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பதிலாக நாட்டின் உட்பகுதியில் இருக்கும் சிகாகோவில் நடத்தியிருந்தால், வேறு எதையும் மாற்றாமலேயே வெளியேற்றம் சுமார் 12 விழுக்காடு குறைந்திருக்கும். பேராளர்களின் ஊர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை பேர், எவ்வளவு தொலைவு என்று பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் எண்ணை ஆள்-கிலோமீட்டர் என்பர். இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்; ஆயினும் மாநாட்டுக் குழுக்கள் விருந்துப் பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குச் செலவிடுவதில்லை.

இந்தக் கணக்கில் எளிதாக நேரும் பிழை, நிலப்படத்தின் நடுவை மக்களின் நடுவாக எண்ணிவிடுவது. தமிழ்நாடு முழுவதும் உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சங்கம் என்றால் உடனே நினைவுக்கு வரும் ஊர் திருச்சி. சென்னை, கோவை, மதுரை, தஞ்சை, ராமேசுவரம் எனப் பல திசைகளிலிருந்தும் ரயில் வந்து சேரும் சந்திப்பு அது. தேர்தலில் போட்டியிடுவது என்று தி.மு.க. முடிவெடுத்த 1956ஆம் ஆண்டு மாநாடு முதலாக எத்தனையோ அரசியல் கூட்டங்கள் அங்கே கூடியதற்கு அந்த அமைவிடமும் ஒரு காரணம். ஆனால் 200 உறுப்பினர்களில் 120 பேர் சென்னையிலும் 80 பேர் மதுரையிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு வேறு விதமாகிறது. திருச்சியில் கூடினால் சென்னைக்காரர்கள் தலைக்குச் சுமார் 330 கிலோமீட்டரும் மதுரைக்காரர்கள் சுமார் 135 கிலோமீட்டரும் வர வேண்டியிருப்பதால், ஒருவழிப் பயணம் மட்டும் 50,400 ஆள்-கிலோமீட்டர் ஆகிறது. சென்னையிலேயே கூடினால் மதுரைக்காரர்கள் 80 பேர் சுமார் 460 கிலோமீட்டர் வருவதோடு முடிந்து, மொத்தம் 36,800தான். பாதிக்கு மேற்பட்டோர் ஓர் ஊரில் இருந்தால் அந்த ஊரே மிகக் குறைந்த பயணத்துக்குரிய இடம் என்பது கணக்கின் தீர்ப்பு. நடுவில் இருக்கும் ஊர் நியாயமாகத் தோன்றலாம், பயணச் சோர்வை எல்லோருக்கும் பகிர்ந்தும் தரலாம்; சிக்கனமானதாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

தொலைவோடு வாகனத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்திய ரயில்வேயின் அகலப் பாதைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் மின்மயமாகிவிட்டன. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வந்தாலும், ஒரே வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறிச் செல்வதால் தலைக்கு விழும் பங்கு விமானத்தைவிட மிகக் குறைவு. விமானமோ எரிபொருளை எரிப்பதோடு நில்லாமல், உயர வானில் விட்டுச் செல்லும் நீராவிக் கோடுகளாலும் நைட்ரஜன் ஆக்சைடுகளாலும் கூடுதல் வெப்பத்துக்கு வழி செய்கிறது. ஆகவே இரவு ரயிலில் ஏறிக் காலையில் இறங்கக்கூடிய ஊராக இருப்பது, மாநாட்டு ஊருக்கு வேண்டிய முதன்மையான தகுதிகளுள் ஒன்றாகிறது. அடுத்த தகுதி, ரயிலடியிலிருந்து அரங்கம் வரையிலான கடைசிச் சில கிலோமீட்டரைப் பொறுத்தது. 2023இல் டெல்லி துவாரகாவில் திறக்கப்பட்ட யசோபூமி மாநாட்டு மையத்துக்கு, விமான நிலைய மெட்ரோ வழித்தடத்தை நீட்டித்து நிலையத்தை வாயிலிலேயே அமைத்தனர். இதற்கு நேர்மாறாக, சென்னையின் நிறுவனங்கள் ஊழியர் கூட்டத்துக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ரிசார்ட்டுகளுக்கோ மாமல்லபுரத்துக்கோ ரயில் கிடையாது. கார்களிலும் வாடகை வண்டிகளிலும் செல்வதைத் தவிர வேறு வழி பலருக்கு இல்லை.

இயற்கை அழகு நிறைந்த இடத்தில் கூடுவதே இயற்கைக்கு இசைந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ரிசார்ட்டுகளின் விளம்பரங்கள் வளர்த்துவிட்ட எண்ணம் இது. உண்மை பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. ஓரிடத்தின் நீரும் நிலமும் சாலையும் சிதையாமல் எத்தனை பேரைத் தாங்கும் என்ற அளவைத் தாங்குதிறன் என்பர். மலைவாழிடங்களில் அது மிகக் குறைவு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களைக் கணக்கிட, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் தொடங்கிய கோடைப் பருவத்தில் நீலகிரிக்கு வேலை நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் அதே நீதிமன்றம் உச்சவரம்பு விதித்தது. நீதிமன்றம் தலையிட்டு வண்டிகளை எண்ண வேண்டிய நிலையில் இருக்கும் மலையில், முந்நூறு பேர் கூடும் மூன்று நாள் மாநாட்டை வைத்துவிட்டு அதற்குப் பசுமை மாநாடு என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைரயில் சில நூறு பேரையே சுமக்கக்கூடியது. மற்றவர்கள் அனைவரும் கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் எரித்தே மேலே செல்கின்றனர். மேலே கொண்டுசென்ற பொருள்களின் குப்பையும் மீண்டும் கீழிறங்க வேண்டும். குறைந்தது ஒரு செய்தியில் நீலகிரி முன்னோடி என்பதையும் சொல்ல வேண்டும்: பிளாஸ்டிக் பைகளுக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தடை கண்ட மாவட்டம் அது, 2019 ஆகஸ்டு முதல் தண்ணீர் பாட்டில்களையும் விலக்கிப் பொது இடங்களில் குடிநீர் ஏடிஎம்களை நிறுவியது.

கடற்கரையில் வேறொரு சிக்கல் உள்ளது. மணற்பாங்கான கரையோர நிலத்தில் மழைநீர் நன்னீர்ப் படலமாகத் தேங்கி நிற்கிறது. அதை ஆழ்துளைக் கிணறுகள் அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. நீச்சல் குளமும் புல்வெளியும் கொண்ட விடுதி, மாநாட்டு விருந்தினர்களுக்காக இறைக்கும் தண்ணீர் அக்கம்பக்கத்துக் குப்பங்களின் கிணற்றிலிருந்து கழியும் தண்ணீர்தான். தண்ணீரைப் பொறுத்தவரை ஊர் மட்டுமன்றி மாதமும் முக்கியம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் ரயில் வந்த சென்னையில் அந்த வாரங்களில் நடந்த ஒவ்வொரு கூட்டமும், குடும்பங்கள் குடத்தோடு வரிசையில் நின்ற தண்ணீரில் பங்கு கேட்டது. அதே கூட்டத்தைத் தை மாதத்தில் நடத்தினால் தண்ணீர்த் தட்டுப்பாடும் குறைவு, மின்விசிறியோடு சமாளிக்கக்கூடிய வானிலையும் கிடைக்கும். விடுமுறை வசதி கருதி மே மாதத்தைத் தேர்வது குளிரூட்டும் செலவையும் நீர்ச்சுமையையும் ஒருசேர உச்சத்துக்குக் கொண்டுபோகும் வழி.

ஊரைத் தேர்வதற்கு உதவும் அளவுகோல்கள் சில உருவாகியுள்ளன. ஸ்காண்டிநேவிய நாடுகளின் மாநாட்டுத் துறையினர் தங்கள் நகரங்களை ஒப்பிடத் தொடங்கிய பட்டியல், பின்னர் உலக அளவில் விரிந்து உலகச் சுற்றுலாத்தல நிலைத்தன்மைக் குறியீடு என்ற பெயரில் ஆண்டுதோறும் வெளியாகிறது. நகரத்தின் மின்சாரம், குப்பை மேலாண்மை, பொதுப் போக்குவரத்து, விடுதிகளில் எத்தனை சான்று பெற்றவை என்பன போன்றவற்றை அது மதிப்பிடுகிறது. 2016 முதல் பல ஆண்டுகள் அதில் முதலிடம் வகித்தது சுவீடனின் கோதன்பர்க்; 2024இல் அந்த இடம் ஹெல்சிங்கிக்குச் சென்றது. கோதன்பர்க்கின் சிறப்பு, மாநாட்டுக்கென்று தனியாக எதையும் செய்ததில் இல்லை. கண்காட்சி மண்டபமும் 1,200 அறைகள் கொண்ட விடுதியும் நகரின் நடுவே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன; வாசலில் டிராம் நிற்கிறது; குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கும் வெந்நீர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் குப்பை எரி உலைகளும் வெளிவிடும் வீண் வெப்பத்திலிருந்து பெரும்பாலும் பெறப்படுகிறது. ஊர்மக்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் விருந்தினருக்கும் பயன்படுகின்றன என்பதே அந்நகரம் தரும் பாடம். தன் குப்பையைத் தரம் பிரிக்காத நகரத்தில் மாநாட்டு அரங்கம் மட்டும் மூன்று வண்ணத் தொட்டிகளை வைத்தால், மூன்றும் மாலையில் ஒரே லாரியில் ஏறும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் 2009 டிசம்பரில் ஐ.நா. பருவநிலை மாநாட்டை நடத்தியபோது, பாட்டில் தண்ணீரைத் தவிர்த்துக் குழாய்த் தண்ணீரையே பேராளர்களுக்கு வழங்கியது. நினைவுப் பரிசுகளை அறவே நீக்கி அந்தப் பணத்தை மாணவர் உதவித்தொகையாக மாற்றியது. ஓட்டுநர் இல்லாத மெட்ரோ விமான நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் நகருக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஆயினும் தலைவர்களின் தனி விமானங்களும் சொகுசுக் கார்களும் குவிந்ததையே உலகப் பத்திரிகைகள் எழுதின. நகரம் தன் பங்கைச் செய்தாலும் வருபவர் எப்படி வருகிறார் என்பது அதன் கையில் இல்லை.

கட்டடத்துக்கு வந்தால், இந்தியாவில் அடிக்கடி கேட்கப்படும் சான்றுகள் இரண்டு. அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் உருவாக்கிய லீட், சான்று, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு படிகள் கொண்டது; டெரி நிறுவனமும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய கிரிஹா, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்குகிறது. கனடாவின் வான்கூவர் மாநாட்டு மையம் பிளாட்டினம் பெற்ற கட்டடங்களில் புகழ்பெற்றது: 6 ஏக்கர் கூரையின் மேல் அப்பகுதிக்குரிய புற்களும் செடிகளுமாக 4 லட்சம் தாவரங்கள் வளர்கின்றன, தேனீப் பெட்டிகளும் உள்ளன, அருகிலுள்ள கடல்நீரின் வெப்பநிலையைப் பயன்படுத்தியே அறைகளைக் குளிர்விக்கவும் சூடேற்றவும் செய்கின்றனர், கழிவுநீரை உள்ளேயே சுத்திகரித்துக் கழிப்பறைகளுக்கும் கூரைத் தோட்டத்துக்கும் அனுப்புகின்றனர். இந்தியாவிலும் இந்த வரலாறு பழையது. அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் லீட் பிளாட்டினம் பெற்ற கட்டடம், 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்த, ஐதராபாத்தின் சிஐஐ–சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம். நடுவில் முற்றம், காற்றை உள்ளிழுத்துக் குளிர்வித்து அனுப்பும் கோபுரங்கள், வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை விடும் சல்லடைச் சுவர்கள் என்று அதன் உத்திகளில் பல, செட்டிநாட்டு வீட்டில் பிறந்தவர்களுக்கு அயலானவையாகத் தோன்றா. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் லீட் தங்கச் சான்று பெற்றது. அங்கே ஆயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கமும் உண்டு.

சான்றிதழைச் சுவரில் பார்த்ததோடு விசாரணையை முடித்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல சான்றுகள் கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்பதையே மதிப்பிடுகின்றன. அது இன்று எப்படி நடத்தப்படுகிறது என்பது வேறு செய்தி. பகலிலும் கனத்த திரைகளை இழுத்துவிட்டு விளக்கெரித்து, பேராளர்கள் சால்வை போர்த்திக்கொள்ளும் அளவுக்கு 18 டிகிரியில் குளிரூட்டியை ஓட்டினால் பிளாட்டினமும் பயன்படாது. குளிரூட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் மின்செலவு சுமார் 6 விழுக்காடு குறையும் என்பது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. அது பரிந்துரைப்பது 24 டிகிரி. எனவே அரங்கத்தாரிடம் கேட்க வேண்டியவை எளியவை: கடந்த ஆண்டின் மின்கட்டண ரசீது, தண்ணீர் லாரி எத்தனை முறை வருகிறது, ஜெனரேட்டர் எவ்வளவு டீசல் குடிக்கிறது, உணவுக் கழிவு எங்கே போகிறது. இவற்றுக்கு விடை சொல்ல முடியாத அரங்கம் தன்னைப் பசுமை என்று சொல்லிக்கொள்வதை நம்ப வேண்டியதில்லை. விடை சொன்னவற்றை வாடகை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்வது நல்லது. வாய்மொழி உறுதிகள் மாநாட்டு நாளின் பரபரப்பில் காணாமல் போகின்றன.

நிகழ்ச்சியை நடத்தும் முறைக்கென்று ஐஎஸ்ஓ 20121 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி உருவான அது, அமைப்பாளர் தம் பாதிப்புகளை இனங்கண்டு, இலக்கு வைத்து, அளந்து பார்க்கும் முறையை வைத்திருக்கிறாரா என்று சோதிக்கிறது. இதைவிட நம் சூழலுக்கு நெருக்கமானது கேரளத்தின் பசுமை நெறிமுறை. 2015இல் அங்கு நடந்த 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டியில் மாநிலத்தின் சுசித்வ மிஷன் அதை நடைமுறைப்படுத்தியது: ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு, குவளைகளை விலக்கிக் கழுவிப் பயன்படுத்துபவற்றை வைப்பது, குடிநீரைப் பொதுக் கலன்களில் வழங்குவது, பிளக்ஸுக்கு மாற்றாகத் துணியை நாடுவது என்பன அதன் அடிப்படைகள். பிறகு பள்ளிக் கலைவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் அது பரவியது. 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உள்ள தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. ஊருக்கு ஊர் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது, வாழை இலையும் இருக்கிறது. அரங்கத்தில் பாத்திரம் கழுவ இடமும் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அது மீண்டும் இடத்தேர்வுக்கே கொண்டுவந்து விடுகிறது.

எவ்வளவு கவனமாக இடம் பார்த்தாலும், தொலைவில் இருப்பவர்களை ஓரிடத்துக்கு வரவழைப்பதில் குறைக்க முடியாத ஒரு மிச்சம் உண்டு. நேரடிக் கூட்டத்தை முழுவதும் இணையவழிக்கு மாற்றினால் கரிமத் தடம் 94 விழுக்காடு குறையும் என்று 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் இடைவேளைத் தேநீரின்போது நடக்கும் பேச்சு திரையில் நடப்பதில்லை. மாநாட்டுக்குப் போகும் பலர் அதற்காகவே போகின்றனர். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக முன்வைக்கப்படுவது, ஒரே மாநாட்டைப் பல கண்டங்களில் ஒரே நேரத்தில் கூடும் மையங்களாகப் பிரித்து, மையங்களை மட்டும் இணையத்தால் இணைப்பது. ஒவ்வொருவரும் அருகிலுள்ள மையத்துக்குச் சென்றால் போதும்.

இங்கே கிலோமீட்டர் கணக்கு வேறு சில கணக்குகளோடு மோதுகிறது. மையங்களாக முன்மொழியப்படுபவை சிகாகோ, பாரிஸ், டோக்கியோ போன்ற செல்வ நாட்டு நகரங்கள். ஆள்-கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஆள்கள் அதிகம் உள்ள இடத்துக்கே கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் போகும், எண்ணிக்கையில் குறைந்த ஆப்பிரிக்கரும் தெற்காசியரும் எப்போதும் தொலைவிலிருந்து வருபவர்களாகவே இருப்பர். விசா மற்றொரு தடை. தெற்காசியாவின் ஆய்வாளர்களையோ தன்னார்வ அமைப்புகளையோ ஒன்றுகூட்ட விரும்புவோர் காத்மாண்டுவையோ கொழும்புவையோ நாடுவது, அந்நகரங்கள் நடுவில் இருப்பதால் என்பதைவிட, இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒருசேர நுழைய முடிந்த இடங்கள் என்பதாலேயே. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். அவ்விரு ஊர்களிலிருந்தும் ஒரே கருத்தரங்குக்கு அழைக்கப்படும் இருவரில், லாகூர்க்காரர் பல வேளைகளில் வளைகுடா நாடொன்றின் வழியாகச் சுற்றிப் பறந்தே காத்மாண்டு வந்து சேர்கிறார். அமைப்பாளர் எந்த அரங்கைத் தேர்ந்தாலும் அந்த வெளியேற்றத்தைக் குறைக்க வழியில்லை. அது எல்லைக்கோட்டின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.